புட்குழி உணர்த்தும் தோழமைக் கடன்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமங்கையாழ்வாரால் மங்களாசாஸனம் செய்யப்பெற்ற நம் திருப்புட்குழிக்கு அப்பெயர் வந்த வரலாற்றை, உற்ஸவம் காண வரும் சிறு குழந்தையும் அறியும். புள் என்பது பறவை. குழி என்பது அப்பறவைக்காக அகழ்ந்த ஈமக்குழி. பொழிலாலும் புனலாலும் பெயர் பெற்ற தலங்கள் பல. நம் ஊரோ ஓர் இறுதிக் கடனால் பெயர் பெற்றது. இங்கே மரகதவல்லித் தாயாரின் நாயகனான விஜயராகவப் பெருமாள், பெரியவுடையார் என்று நம் பூர்வர்கள் போற்றும் ஜடாயுவைத் தன் திருத்தொடையில் தாங்கியவனாய் வீற்றிருந்த திருக்கோலத்தில் ஸேவை சாதிக்கிறான். ஸந்நிதிக்கு எதிரே ஜடாயு தீர்த்தம் இன்றும் இருக்கிறது.

இத்தகைய ஊரில் வாழ்பவர்க்கு ஒரு கேள்வி இயல்பாகவே எழும். உடன் கற்றவன், உடன் கைங்கர்யம் செய்தவன், உயிர்த்தோழன் ஒருவன் நம்மை முந்திக்கொண்டு போய்விட்டால், பின்தங்கி நிற்கும் நாம் அவனுக்குப் பட்டிருக்கும் கடன் யாது? தந்தைக்கு மகன் செய்ய வேண்டியதை சாஸ்த்ரம் நாள் நாளாக, நாழிகை நாழிகையாக வகுத்துக் கொடுத்திருக்கிறது. தோழனுக்கு அது கூறுவது மிகச் சிறிது. உடன் பயின்ற ப்ரஹ்மசாரி மறைந்தால் ஒரு நாள் தீட்டு என்கிறது மநுஸ்ம்ருதி. மஹாளய பக்ஷத்துத் தர்ப்பணத்தில், காருணிக பித்ருக்களின் வரிசையில், ஆசார்யனோடும் சிஷ்யனோடும் தோழனுக்கும் எள்ளும் நீரும் இறைக்கிறோம். ஒரு நாள் தீட்டும் ஒரு கை நீரும்: இவ்வளவே விதி. முப்பது நாற்பது ஆண்டுகள் தோளோடு தோள் நின்றவனுக்கு இவ்வளவுதானா என்று மனம் கேட்கிறது. எஞ்சியதை விதியாக வைக்காமல், நம் நெஞ்சின் பொறுப்பில் சாஸ்த்ரம் விட்டுவைத்திருக்கிறது என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வைஷ்ணவன் அழலாமா? நம் வழக்கில் ஒருவர் இறந்தார் என்று சொல்வதில்லை; பரமபதித்தார் என்கிறோம், ஆசார்யன் திருவடி அடைந்தார் என்கிறோம், திருநாட்டுக்கு எழுந்தருளினார் என்கிறோம். மீளாத இன்பத்தை அடைந்தவரைக் குறித்து வருந்துவது நம் ஸித்தாந்தத்துக்கு ஒவ்வுமா? ஞானிகள் வருந்தார் என்று கண்ணனும் கீதையில் அருளிச்செய்தானே என்று கேட்பவர்கள் உண்டு.

இதற்கு விடை நம் மூலஸ்தானத்திலேயே இருக்கிறது. ஸ்ரீராமாயணத்தின் ஆரண்ய காண்டத்தில், சிறகு அறுபட்டு வீழ்ந்து கிடந்த ஜடாயு உயிர் நீத்தபோது, பெருமாள் இளையபெருமாளை நோக்கித் தன் துயரத்தைச் சொல்கிறான். பிராட்டியைப் பிரிந்த துக்கமும் இப்பொழுது தனக்கு இவ்வளவு பெரிதன்று. தன் பொருட்டு இப்புள் மாண்டதே பெரிது என்பது அவன் சொன்னதன் கருத்து. அதே பெருமாள்தான், மேலான உலகங்களுக்குச் செல்வாயாக என்று அப்பறவைக்கு விடை கொடுத்தவனும். போகும் இடம் நல்லது என்பதை அவனைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யார்? அறிந்தும் அழுதான். ஆகவே அழுகை அஞ்ஞானத்தின் அடையாளம் ஆகாது. போனவர் இன்புறுகிறார் என்ற தெளிவும், இங்கே அவர் இல்லை என்ற வெறுமையும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம். முன்னது அவர் நிலையைப் பற்றியது. பின்னது நம் நிலையைப் பற்றியது.

ஆனால் பெருமாள் அழுகையோடு நிற்கவில்லை. விறகு கொணரச் சொன்னான், தீக் கடைந்தான், மந்த்ரம் ஓதினான், பிண்டம் இட்டான், நீராடித் தர்ப்பணம் செய்தான். வால்மீகி பகவான் அந்த நீர்க்கடனைக் கோதாவரிக் கரையில் வைத்துப் பாடுகிறார்; நம் தலபுராணம் அதனை இவ்வூரில் வைத்துக் கொண்டாடுகிறது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருப்புள்ளபூதங்குடியும் அதே ஸம்ஸ்காரத்தைத் தன் பெருமையாகச் சொல்லும். கேரளத்துச் சடயமங்கலத்தார் தங்கள் மலையே ஜடாயு வீழ்ந்த இடம் என்பர். அங்கே 200 அடி நீளத்துக்கு அப்பறவையின் சிற்பம் எழுப்பி 2018-ஆம் ஆண்டு திறந்தும் வைத்தனர். எந்த ஊர் மெய் என்று வழக்காடுவது அடியேன் நோக்கமன்று. ஒரு நல்ல தோழனின் ஈமத்தைத் தன் மண்ணில் ஏற்றுக்கொள்ள இத்தனை ஊர்கள் போட்டியிடுகின்றன என்பதே நாம் நினைக்கத்தக்கது.

இனி, பலரும் கருதாமல் கடந்துபோகும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். பெரியவுடையார் பெருமாளுக்காக உயிர் கொடுத்தவர் என்பதை எல்லோரும் அறிவோம். அவரும் ஒரு தோழனை இழந்து நின்றவர் என்பதை நினைப்பவர் சிலரே. அவர் தசரத சக்ரவர்த்தியின் நண்பர். பஞ்சவடிக்குச் செல்லும் வழியில் முதன்முதலாகப் பெருமாளைக் கண்டபோது, உன் தந்தையின் தோழன் என்றே தம்மை அறிவித்துக்கொள்கிறார். கம்பநாட்டாழ்வார் இவ்விடத்தை விரிவாகப் பாடியிருக்கிறார். தசரதன் விண்ணுலகு எய்திய செய்தியைக் கேட்டதும் கழுகரசர் உணர்விழந்து சோர்கிறார்; தேறியபின், நண்பன் இல்லாத உலகில் தாம் இருப்பதில்லை என்று தீப்புகத் துணிகிறார். தந்தையை இழந்த எங்களுக்கு நீரும் இல்லையாயின் வேறு துணை யார் என்று பிள்ளைகள் இருவரும் கலங்குகிறார்கள். அப்பொழுது அவர் தம் துணிவை மாற்றிக்கொள்கிறார். நீங்கள் வனவாஸம் முடித்து அயோத்தி மீளும் வரையில் இருப்பேன் என்று இசைகிறார். வால்மீகியிலும், நீங்கள் இருவரும் வெளியே செல்லும்போது ஸீதையை நான் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார்.

தோழமைக் கடன் என்பது யாது என்ற கேள்விக்கு விடை இங்கே தெளிவாகிறது. தோழனோடு தானும் முடிந்துபோவது அக்கடன் ஆகாது. தோழனைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருப்பதோடும் அது தீராது. அவன் எதை உயிராக நேசித்தானோ, அவன் போனபின் காவலின்றி நிற்கும் அதன் வாசலில் போய் நிற்பதே அக்கடன். சக்ரவர்த்திக்கு உயிர் அவன் பிள்ளைகள். ஜடாயு அப்பிள்ளைகளின் பர்ணசாலைக்குக் காவல் நின்றார். தசரதன் இருந்த இடத்தில் தாம் அமர ஆசைப்படவில்லை. அவன் போலப் பேசவும் முயலவில்லை. அவன் விட்டுச் சென்ற அன்புக்குக் காவலானார், அவ்வளவே.

அக்காவலில் அவர் வென்றாரா? உலகத்தார் கணக்கில் தோற்றார். பிறந்து அறுபதினாயிரம் ஆண்டு ஆகிவிட்ட தாம் முதியவர் என்பதையும், இராவணன் இளையவன், தேரும் கவசமும் வில்லும் உடையவன் என்பதையும் அவனிடமே சொல்லிவிட்டுத்தான் போரிட்டார். சிறகு போயிற்று, பிராட்டியும் போனாள். காப்பேன் என்று கொடுத்த வாக்கு, பயன் என்று பார்த்தால் நிறைவேறவில்லை. ஆயினும் பெருமாள், காவாமல் விட்டாயே என்று ஒரு சொல் சொன்னானில்லை. தசரதனைப் போலவே தனக்குப் பூஜிக்கத்தக்கவர் என்று கொண்டு, தந்தைக்குச் செய்யும் கடனையே செய்தான். தோழன் விட்டுச் சென்றதை நாம் காக்க முற்பட்டு, கை ஓயும் வரை போராடி, முடிவில் காக்க இயலாமற் போகலாம். அதனால் கடன் தீராமல் நிற்பதில்லை. நின்றானா என்பதே அங்கே கேட்கப்படும், வென்றானா என்பதன்று.

மேலும் ஒன்று உண்டு. ஜடாயு உயிர் பிரியும் வேளையில் பெருமாளுக்குச் செய்தி சொல்கிறார். இராவணன் தென்திசை நோக்கிச் சென்றான் என்கிறார். அவன் கவர்ந்த நேரம் விந்தம் என்னும் முஹூர்த்தம், அதில் இழந்த பொருள் விரைவில் மீளும் என்று தேற்றுகிறார். அவன் விச்ரவஸின் மகன், குபேரனின் உடன்பிறந்தான் என்று சொல்லும்போதே மூச்சு நின்றுவிடுகிறது. சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள் என்று பெருமாள் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருக்கையிலேயே பேச்சு பாதியில் அறுந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்பது சொல்லப்படவில்லை. அந்தப் பாதிப் பேச்சை நிறைவு செய்தவர் யார்? கிஷ்கிந்தா காண்டத்தில், தென்கடற்கரையில் நம்பிக்கை இழந்து அமர்ந்திருந்த வானரர் நடுவே அங்கதன் ஜடாயுவை நினைத்துப் பேசுகிறான். பெருமாளுக்காக உயிர் கொடுத்த அவர் பாக்யசாலி என்கிறான். தம்பியின் பெயர் காதில் விழவே, மலையிலிருந்த ஸம்பாதி திடுக்கிட்டு இறங்கிவருகிறார். தம்பிக்கு நீர்க்கடன் செய்கிறார். பிராட்டி நூறு யோஜனைக்கு அப்பால் இலங்கையில் இருக்கிறாள் என்று கூறுகிறார். ஜடாயு முடிக்காமல் விட்ட வார்த்தையை, ஜடாயுவின் நினைவே அவர் தமையனைக் கொண்டு முடித்து வைத்தது.

நம்மை விட்டுப் போகும் ஒவ்வொரு தோழனும் ஏதோ ஒரு வார்த்தையைப் பாதியில் விட்டுத்தான் போகிறான். அதைக் கேட்டறிந்து நிறைவு செய்வது பின்னிற்பவர் பொறுப்பு.

இக்கடன் செலவின்றித் தீர்வதும் அன்று. குருபரம்பரை நூல்கள் கூறும் மாறனேர் நம்பியின் சரித்ரம் இதனை நன்கு விளக்கும். பெரிய நம்பியும் மாறனேர் நம்பியும் ஆளவந்தாரின் திருவடியில் ஒருங்கே பயின்றவர்கள். மாறனேர் நம்பி, உலகத்தார் தாழ்ந்தது என்று ஒதுக்கிய குலத்தில் அவதரித்தவர். ஆசார்யனின் நோயைத் தாம் வாங்கிக்கொண்டு அனுபவித்தவர். அவர் பரமபதித்தபோது பெரிய நம்பி, தந்தைக்குச் செய்வதுபோல் ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரத்தைத் தம் கையாலேயே செய்தார். ஊரார் பொறுக்கவில்லை, அவரை ஒதுக்கிவைத்தனர். எம்பெருமானார் அவரை அணுகி, இவ்வாறு செய்தருளியது என்னவென்று விண்ணப்பித்தார். பெரிய நம்பி அளித்த மறுமொழியில் நம் ஊரின் பெயர்க்காரணமே அடங்கியிருக்கிறது. ஜடாயு என்னும் பறவைக்குக் கடன் செய்த பெருமாளைக் காட்டிலும் நான் உயர்ந்தவனோ? அப்பறவையைக் காட்டிலும் மாறனேர் நம்பி தாழ்ந்தவரோ? அடியார் பெருமையைப் பாடும் ஆழ்வார் பாசுரங்கள் ஓதுவதற்கு மட்டுமோ, நடப்பதற்கும் உரியனவோ? இதுவே அவர் கேட்டதன் ஸாரம்.

பெரிய நம்பி தோழனைப் பற்றி ஒரு சரமச்லோகம் பாடியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். பாடுவதற்குச் செலவில்லை. தோழன் உயிரோடிருந்தபோது ஊர் அவனுக்கு மறுத்த மதிப்பை, அவன் போனபின் தம் சொந்த மதிப்பை ஈடு வைத்துப் பெற்றுத் தந்தார். நம் தோழனுக்கும் ஊர் ஏதேனும் மறுத்திருக்கக்கூடும். மடைப்பள்ளியில் வியர்வை சிந்தியவன், ஸ்ரீபாதம் தாங்கித் தோள் காய்த்தவன், திருமாலை கட்டியே விரல் தேய்ந்தவன் ஆகியோர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் ஏறுவதில்லை. அவர்களை நினைப்பது என்றால், அவர்கள் குடும்பத்துக்கும் அவர்கள் தொழிலுக்கும் உரிய மதிப்பை, நமக்குச் சிறிது இழப்பு வந்தாலும், கேட்டு வாங்கித் தருவதேயாகும்.

உடையவருக்கும் கூரத்தாழ்வானுக்கும் இருந்த உறவு இக்கடனின் இன்னொரு பக்கத்தைக் காட்டும். ஸம்ப்ரதாயக் கணக்கின்படி ஆழ்வான் 1010-ஆம் ஆண்டு, காஞ்சிக்கு அண்மையிலுள்ள கூரத்தில் அவதரித்தார். உடையவர் 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்பூதூரில். யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் கற்க இளமையில் உடையவர் நடந்துவந்த ஊர் நம் திருப்புட்குழி என்பதையும் இங்கே நினைக்கலாம். ஆழ்வான் அவருக்குச் சிஷ்யர். ஆயினும் தொழிலில் துணைவர். ஸ்ரீபாஷ்யத்தை உடையவர் சொல்லச் சொல்ல ஆழ்வான் எழுதினார். தமக்கு உடன்பாடில்லாத இடம் வந்தால் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது நியமனம். அவ்வாறே ஓரிடத்தில் ஆழ்வான் எழுத்தாணியை நிறுத்தினார். உடையவர் பின்னர் ஆராய்ந்து, அவர் கொண்டதே பொருள் என்று ஏற்றார். போனவரின் இசைவை மட்டும் நினைத்து, அவர் மறுப்பை மறந்துவிடுவது உலக வழக்கு. உண்மையான துணைவன் நம் கையைத் தடுத்தவனும் ஆவான். அவன் இருந்தால் இதற்கு எழுத்தாணியை நிறுத்தியிருப்பானே என்று ஒரு செயலுக்கு முன் தயங்குவதும் அவனை நினைப்பதேயாகும்.

சோழன் ஸபைக்கு உடையவரின் காஷாயத்தை உடுத்துச் சென்று, அவருக்குப் பதிலாகத் தம் கண்களை இழந்தவரும் அந்த ஆழ்வானே. பின்னாளில் அவர் உடையவருக்கு முன்பாகத் திருநாட்டுக்கு எழுந்தருளத் துணிந்தபோது, என்னை விட்டு முந்துவானேன் என்று உடையவர் உருகிக் கேட்டார் என்றும், தேவரீர் எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைக்க அடியேன் முன்னே இருக்க வேண்டாமோ என்று ஆழ்வான் விண்ணப்பித்தார் என்றும் பெரியோர் கூறுவர். அத்தகைய துணைவரை இழந்த உடையவர் என் செய்தார்? ஆழ்வானின் திருக்குமாரரான பராசர பட்டரைத் தம் பிள்ளையாகவே கொண்டு, பிற்காலத்தில் தர்சனத்தை நிர்வஹிக்கத்தக்கவராக ஆக்கினார். அந்தப் பட்டர் விஷ்ணு ஸஹஸ்ரநாமத்துக்கு அருளிய பகவத்குணதர்ப்பணம் என்னும் பாஷ்யத்தை இன்றும் வாசிக்கிறோம். ஆழ்வானுக்கு உடையவர் எழுப்பிய நினைவுமண்டபம் அது என்று சொன்னால் மிகையாகாது.

ஆசார்யர்களின் சரித்ரத்தைச் சொல்லி, நம் போன்ற எளியோர்க்கு இது எட்டுமோ என்று மலைக்க வேண்டுவதில்லை. அடியேனோடு ஒரே பாடசாலையில் அமர்ந்து கற்றவர், பின்னர் ஒரே ஸந்நிதியில் உடன் நின்று கைங்கர்யம் செய்தவர் ஒருவர் அண்மையில் ஆசார்யன் திருவடி அடைந்தார். திருமஞ்ஜனத்தின்போது கையை நீட்டுமுன் பாத்ரம் கைக்கு வந்து சேரும், அவ்வளவு பழக்கம். இப்பொழுது கை நீண்டு ஒரு கணம் வெறுமையில் நிற்கிறது. அந்த ஒரு கணம்தான் துக்கம் என்பது. அவர் மாலை வேளையில் ஊர்ச் சிறுவர் சிலருக்கு ஸம்ஸ்க்ருதம் சொல்லிக்கொடுத்து வந்தார். ராம சப்தம் முடிந்து ஹரி சப்தம் பாதியில் நின்றிருந்தது. தீட்டு நாட்கள் கழிந்தபின் ஒரு மாலை அச்சிறுவர்கள் வழக்கமான நேரத்துக்கு மண்டபத்தில் வந்து அமர்ந்திருந்தார்கள். எவரும் அவர்களை அழைக்கவில்லை. அவர்களுக்கு அவர் நிறுத்திய வேற்றுமையிலிருந்து தொடர்ந்து சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சிறிய காரியம்! ஆயினும் அதைச் செய்தபோது, ஒரு நாள் தீட்டும் ஒரு கை நீரும் தர இயலாத ஆறுதல் நெஞ்சுக்குக் கிடைத்தது.

நம் காஞ்சி வட்டாரத்துத் தறிகளில் நாம் அன்றாடம் காண்பது ஒன்றுண்டு. பாவு தீர்ந்துவிட்டால் நெசவாளர் தறியைக் கலைத்துவிடுவதில்லை. பழைய பாவின் இழைநுனிகளில் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து இணைப்பார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றையும் விடலாகாது. பொறுமை மிக வேண்டும் வேலை. ஆனால் அது முடிந்ததும் தறி மீண்டும் ஓடும். நினைவு என்பதும் இவ்வகை இழை இணைப்பே. அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, அங்கேயே நம் இழையை முடிய வேண்டும்.

இரங்கற் கூட்டம் கூட்டுவதும் திருவுருவப் படம் திறப்பதும் மலர் வெளியிடுவதும் வேண்டாதவை என்று அடியேன் சொல்ல வரவில்லை. அங்கதன் நினைத்துப் பேசியதால்தானே ஸம்பாதி வந்தார்? பெயரைச் சொல்ல வேண்டும். பலர் கேட்கச் சொல்ல வேண்டும். ஆனால் பேச்சு முடிந்து எழும்போது, ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். அவர் எதை நேசித்தார்? அது இப்போது யார் காவலில் இருக்கிறது? அவர் பாதியில் விட்ட வார்த்தை எது? இவற்றுக்கு விடை தெரியாவிடில் நாம் அவரை இன்னும் நன்கு அறியவில்லை என்பது பொருள். விடை தெரிந்தால் நம் கடன் நம் முன்னே நிற்கிறது என்பது பொருள்.

நம் பெருமாளின் திருநாமத்தை எண்ணுந்தோறும் அடியேனுக்கு வியப்பு மேலிடுவது வழக்கம். வேதாந்த தேசிகர் பரமார்த்த ஸ்துதியால் துதித்த இப்பெருமானுக்கு விஜயராகவன் என்று பெயர். இத்தல வரலாற்றின்படி அவன் இங்கே நின்றபோது பிராட்டியை இழந்திருந்தான், தந்தையின் தோழரையும் இழந்தான், ஸேனையில்லை, சேதுவில்லை, இலங்கை இருக்கும் திசை மட்டுமே தெரிந்தது. வெற்றி என்று சொல்லத்தக்கது ஏதும் அப்போது கையில் இல்லை. இருந்தும் இவ்விடத்தில் அவன் விஜயன். தன் துயரம் கடல்போல் பெருகி நின்ற வேளையிலும், இன்னொருவர்க்குப் பட்ட கடனை ஒரு விறகும் குறையாமல் செய்து முடித்தானே, அதனினும் பெரிய வெற்றி யாது? இராவணனை வென்றது பின்னால் வந்தது.

அவன் திருத்தொடையில் அப்புள் இன்றளவும் இருக்கிறது. அவன் அதை இறக்கி வைக்கவில்லை. தோழரைப் பிரிந்து இவ்வுற்ஸவத்துக்கு வரும் அன்பர்கள் ஸந்நிதியில் ஒரு கணம் நின்று அத்திருக்கோலத்தை ஸேவித்துச் செல்ல வேண்டும் என்று ப்ரார்த்திக்கிறேன்.

அடியேன் ராமாநுஜ தாஸன்